ட்ரங்க்ஸுக்குக் கொடுத்த ஊர்

கிளிநொச்சியில் நான் கணக்குப் படிப்பிக்கிற ரியூசன் கொட்டிலில் வகுப்பு முடிந்தாலும் பெடியள் உடனே கலைவதில்லை. சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்று கதைப்பார்கள். அன்றைக்குக் கதை முற்றிச் சண்டையாகிவிட்டது. "அது முடிவே இல்லையடா, கை கழுவிவிட்ட வேலை" என்கிறான் ஒருவன். "பட்டனை எப்பவோ குடுத்தாச்சு, நீ ஒழுங்காப் பாக்கேல்லை" என்கிறான் மற்றவன். கிரிக்கெட்டாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, டிராகன் பால் சூப்பர் என்ற ஜப்பான் கார்ட்டூன் தொடரில் ட்ரங்க்ஸின் எதிர்காலக் கதை முடிந்த விதம்தான் வழக்கு. அந்த முடிவு, 67ஆவது அத்தியாயம், ஜப்பானில் ஒளிபரப்பானது 2016 நவம்பர் 20இல். அப்போது இவர்களுக்கு ஏழு வயது இருக்கும். இப்போது போனில் பார்த்துவிட்டு வந்து அடிபடுகிறார்கள்.

இந்த முடிவுக்காக உலகம் முழுக்க ரசிகர்கள் பிரிந்து நின்றது உண்மை. ஆனால் வன்னியில் நின்று கேட்கும்போது சண்டை வேறொரு இடத்தில் போய்ச் சிக்குகிறது. அந்தச் சிக்கு எது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பார்க்காதவர்களுக்காக முதலில் கதை.

ட்ரங்க்ஸ், வெஜிட்டாவுக்கும் புல்மாவுக்கும் பிறந்தவன். அவனுடைய உலகத்தில் தொடரின் நாயகன் கோக்கு இதயநோயால் செத்துப்போகிறான். பிறகு 17, 18 என்று இலக்கமிட்ட இரண்டு செயற்கை மனிதர்கள் வந்து மற்ற வீரர்களைக் கொன்று நகரங்களைத் தரைமட்டமாக்குகிறார்கள். தாய் புல்மா செய்த கால இயந்திரத்தில் ஏறி இறந்தகாலத்துக்கு வரும் ட்ரங்க்ஸ், மருந்தையும் எச்சரிக்கையையும் கோக்குவிடம் கொடுக்கிறான். "மூன்று வருடம் கழித்து, மே 12, காலை பத்து மணி" என்று நேரத்தோடு சொல்கிறான். (மே மாதம் என்றதும் வகுப்பில் ஒரு பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. மங்கா, அதாவது மூலச் சித்திரக்கதை, வந்த காலத்தை யோசித்தால் இது வெறும் தற்செயல். ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிற இடத்தில் அந்தச் சொல் சும்மா கடந்துபோகாது.)

அந்த உலகத்தின் பழைய கதையைச் சொல்லும் சிறப்பு நிகழ்ச்சி 1993 பெப்ரவரி 24இல் வந்தது. அதில் ட்ரங்க்ஸின் குரு, கோக்குவின் மகன் கோஹான். ஒரு கையை இழந்த பிறகும் பெடியனுக்குச் சண்டை பழக்குகிறவன், கடைசியில் மழைக்குள் தனியே சாகிறான். ஒற்றைக் கையோடு படிப்பிக்கிற ஒருவனை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சமாதான காலத்தில், 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வந்த சீடி ஒன்றில்தான் அதை நான் முதலில் பார்த்தேன். ஜெனரேற்றர் இரைச்சலில் வசனம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளங்கியிராது. அழுகை மட்டும் விளங்கியது.

இருந்தாலும் அந்தக் கதையை எவரும் அநியாயம் என்று சொன்னதில்லை. ட்ரங்க்ஸ் பயிற்சி எடுக்கிறான், பலம் பெறுகிறான், தன் உலகத்துக்குத் திரும்பி அந்த இருவரையும் தானே அழிக்கிறான். துயரத்துக்கு ஒரு பதில் கிடைக்கிறது. சண்டைக்கலை அனிமேக்கும் பார்க்கிறவனுக்கும் இடையில் எழுதாத உடன்படிக்கை ஒன்று உண்டு: பாடுபட்டவனுக்குப் பலன் வரும். டிராகன் பால் மங்கா 1984 முதல் 1995 வரை வெளிவந்த ஷோனென் ஜம்ப் வார இதழ், நட்பு, முயற்சி, வெற்றி என்ற மூன்று சொல்லைத் தன் கொள்கையாகவே வைத்திருந்தது. அகிரா தொரியாமா அதைக் கமக்காரனுக்கும் விளங்குகிற மாதிரி வரைந்தார். கோக்குவும் கிரிலினும் ஆமைத் துறவியிடம் சண்டை பழகப் போனால் அவர் முதலில் அடிமுறை ஒன்றும் காட்டுவதில்லை. விடியப்புறம் வீடுவீடாகப் பால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், வெறுங்கையால் வயல் கொத்த வேண்டும். முதுகில் 20 கிலோ ஆமை ஓடு வேறு. அப்படிப் பழகியும் முதல் உலகப் போட்டியின் இறுதியில் கோக்கு தோற்கிறான். இரண்டாவதிலும் தோற்கிறான். மூன்றாவதில்தான் வெல்கிறான். தோற்றால் பழகு, பழகினால் வெல்லலாம். வாத்தியாராகிய எனக்கு இதைவிட வசதியான கதை கிடையாது.

டிராகன் பால் சூப்பரின் 47ஆம் அத்தியாயத்திலிருந்து 67 வரை, 21 அத்தியாயம், இந்த உடன்படிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிக்கிறது.

ட்ரங்க்ஸின் உலகம் மீண்டுகொண்டிருக்கும்போது கோக்குவின் முகத்தோடு ஒருவன் வந்து மனிதர்களைக் கொல்லத் தொடங்குகிறான். கோக்கு பிளாக் என்று அவனுக்குப் பேர். முதல் அத்தியாயத்திலேயே புல்மா சாகிறாள். கால இயந்திரத்தில் ஒருவழிப் பயணத்துக்கு மட்டுந்தான் எரிபொருள். பிளாக் உண்மையில் ஸமாசு. பத்தாவது பிரபஞ்சத்தில் கடவுளாவதற்குப் பயின்றுகொண்டிருந்த ஒரு சீடன். மனிதர்களைத் திருத்த முடியாது, எல்லோரையும் துடைத்துவிட்டால் உலகம் சுத்தமாகிவிடும் என்பது அவனுடைய முடிவு. கேட்டதைக் கொடுக்கிற சூப்பர் டிராகன் பந்துகளிடம் வரம் கேட்டு கோக்குவின் உடம்பையே எடுத்துக்கொண்டவன். எதிர்கால உலகத்து ஸமாசு சாகாவரம் பெற்றவன். இரண்டு பேரும் கூட்டு. தங்களை நீதி என்றே சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லும்போது குரலும் உயர்வதில்லை. ஆத்திரத்தில் அடிக்கிற ஃப்ரீசா மாதிரி வில்லனைவிட இந்த ரகம் பயங்கரம் என்பதில் சைக்கிள் சண்டைக்காரர் இருவருக்கும் ஒற்றுமை.

நிகழ்காலத்து ஸமாசுவை அழிவுக் கடவுள் பீரஸ் 59ஆம் அத்தியாயத்தில் அழித்துவிடுகிறார். அதோடு எதிர்காலமும் சரிவர வேண்டாமா? வராது. ட்ரங்க்ஸின் கதையில் தொடக்கத்திலிருந்தே உள்ள விதி இது: பின்னுக்குப் போய் எதை மாற்றினாலும் புதிய கிளை ஒன்று பிரியுமே தவிர, நீ புறப்பட்டு வந்த கிளை இருந்தபடியே இருக்கும். இதை வகுப்பில் இரணைமடுக் குளத்தை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். வலதுகரை வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் இடதுகரையில் வாடுகிற பயிர் நனையாது. முதல் தடவை ட்ரங்க்ஸ் மருந்து கொண்டுவந்தபோதும் இதுதான் நடந்தது. இங்கே ஒரு கோக்கு பிழைத்தான், அங்கே செத்த கோக்கு செத்தவன்தான். ட்ரங்க்ஸ் எந்தக் காலத்திலும் மற்றவர்களுடைய உலகத்தைக் காப்பாற்ற வந்த பிள்ளை. இதை மனதில் வைத்துக்கொண்டால் முடிவு இன்னும் கசக்கும்.

கடைசிச் சண்டையில் தப்பியிருந்த கொஞ்சச் சனங்களின் சக்தியெல்லாம் ட்ரங்க்ஸின் வாளில் வந்து சேர்கிறது. அவர்களில் ஹாரு, மாக்கி என்று இரண்டு சின்னப் பிள்ளைகளும் உண்டு. அந்த வாளால் ஸமாசுவை இரண்டாகப் பிளக்கிறான். உடன்படிக்கைப்படி கதை அங்கே முடிய வேண்டும். முடியவில்லை. உடம்பு போன ஸமாசு வானமாக விரிந்து அந்தப் பிரபஞ்சத்தோடேயே கலந்துவிடுகிறான். அடிக்க ஆள் இல்லை. மேலே பார்த்தால் எங்கும் அவன் முகம். கோக்கு இடுப்பைத் துழாவுகிறான், சின்னப் பொத்தான் ஒன்று கையில் அகப்படுகிறது. பிரபஞ்சங்களுக்கெல்லாம் மேலான ஸெனோ, விளையாட்டுத் தோழனாகக் கோக்குவைப் பிடித்துப்போய், கூப்பிட வேண்டுமென்றால் அமத்து என்று கொடுத்த பொத்தான். பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும் ஸெனோ, முன்பு 18 பிரபஞ்சம் இருந்ததில் கோபம் வந்து ஆறை அழித்தவர். அமத்தியதும் எதிர்காலத்து ஸெனோ வந்து நிற்கிறார். கேட்டதும் அழித்துவிடுகிறார். ஸமாசுவை மட்டுமல்ல, பூமி, வானம், மிச்சமிருந்த சனம், ஹாரு, மாக்கி, எல்லாவற்றையும். கால இயந்திரத்தில் ஏறியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். மங்காவில் சண்டை வேறு விதமாகப் போனாலும் உலகத்தின் கதி இதேதான்.

பெடியளின் வழக்கில் முதல் பாதி பொத்தானைப் பற்றியது. "வாளோட முடிச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்பது ஒரு கட்சி. பாடுபட்டுப் பழகியதெல்லாம் வீண், மேலிடத்தில் ஆளைத் தெரிந்திருந்தால் போதும் என்றாகிவிட்டது என்கிறார்கள். மற்றக் கட்சி சட்டம் பேசுகிறது: பொத்தான் 55ஆம் அத்தியாயத்திலேயே கைமாறியது, திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. கணக்கைப் பார்த்தால் இரண்டாவது கட்சி சொல்வது சரி. ஆனால் முன்கூட்டியே காட்டியதால் ஒன்று நியாயமாகிவிடாது. எனக்குப் பிழையாகப் பட்டது அழிவுகூட அல்ல, அதற்கு அடுத்த நிமிடம். எதிர்காலத்தில் தனித்துப்போன ஸெனோவைக் கோக்கு கூட்டிக்கொண்டு வந்து, இங்கே இருக்கிற ஸெனோவுக்குத் தோழனாக்கிவிடுகிறான். இரண்டு ஸெனோவும் கைகோத்துக் குதூகலிக்கிறார்கள். செத்தவீட்டில் பகிடி விட்டது மாதிரி இருந்தது. ஒரு முழு உலகத்துக்கு எட்டுச்செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை.

இருண்ட முடிவு எங்கள் ஆட்களுக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். முல்லைத்தீவில் விடிய விடிய ஆடுகிற கோவலன் கூத்து ஒரு நகரமே எரிந்துபோன கதை. அதைப் பார்த்துவிட்டு, ஏன் எரித்தாள் என்று எவரும் சண்டைக்குப் போவதில்லை. ஏனென்றால் கண்ணகி முதலில் அரசனின் அவைக்குப் போய் வழக்குரைக்கிறாள். சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். தன் பிழை தெரிந்து பாண்டியன் உயிர் விடுகிறான். அதற்குப் பிறகும் நெருப்புக்குக் கட்டளை கொடுக்கும்போது முதியவரையும் குழந்தையையும் பசுவையும் அறவோரையும் விடு, தீயவர் பக்கம் போ என்று பிரித்துச் சொல்லித்தான் கொடுக்கிறாள். ஸெனோ எதையும் பிரிக்கவில்லை. ஹாரு யார், மாக்கி யார் என்று கேட்கவில்லை. அவரைக் கூப்பிட்ட கோக்குவும் சொல்லவில்லை.

இன்னொன்று, எங்கள் கதை மதுரையோடு முடிவதில்லை. எரித்த கையோடு அலைந்து வந்த கண்ணகி கடைசியில் நந்திக்கடல் கரையில், வற்றாப்பளையில் ஒரு கிழவியாக வந்து இருந்தாள் என்பது ஐதீகம். மாடு மேய்த்த சிறுவர்கள் குடில் கட்டிக்கொடுத்துப் பொங்கிப் படைத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரில் ஏற்று என்றாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள், விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். வைகாசி விசாகத்தில் இன்றைக்கும் கடல்நீரில் விளக்கு எரித்துப் பொங்குகிறோம். கோபத்தை இறக்கிவைக்க ஒரு கரையும், சோறு போட நாலு பிள்ளைகளும் தேவை என்று அந்தக் கதையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. டிராகன் பாலுக்கு ஒரு வற்றாப்பளை இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல். சரி, கூத்தை அளவுகோலாக வைத்து ஒரு ஜப்பான் கார்ட்டூனை அளப்பது நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை. கையில் இருக்கிற கோலால்தானே அளக்கலாம்.

இனி வழக்கின் இரண்டாம் பாதி. பொத்தானைப் பற்றி எங்கும் அடிபடுவார்கள். இங்கே பெடியளை நிறுத்தி வைத்தது இந்தப் பாதிதான்.

உலகம் போன பிறகு ட்ரங்க்ஸும் அவனுடைய தோழி மாயும் நிகழ்காலத்தில் நிற்கிறார்கள். போக இடமில்லை. பீரஸின் உதவியாளர் விஸ் ஒரு வழி சொல்கிறார். ஸமாசு தன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே எதிர்காலத்துப் பீரஸுக்கு எச்சரித்து, பிளாக் வராத புதுக் கிளை ஒன்றை உண்டாக்கலாம். அங்கே போய் இருங்கள். வீடு இருக்கும், நகரம் இருக்கும், செத்தவர்கள் உயிரோடு இருப்பார்கள். ஒரேயொரு சிக்கல்: அங்கே ஏற்கெனவே ஒரு ட்ரங்க்ஸும் ஒரு மாயும் இருப்பார்கள். இருவரும் யோசித்துவிட்டுச் சம்மதிக்கிறார்கள். பயணம் சொல்லிப் புறப்படுவதோடு கதை முடிகிறது. போய் இறங்கியதைக் காட்டவில்லை.

இதே தொடரில் ஊர் அழிந்த கதை முன்பும் ஒன்று உண்டு. ஃப்ரீசாவோடு நடந்த சண்டையில் நாமெக் கோளே வெடித்துச் சிதறியது. ஆனால் அதற்கு முன்பே, கோக்குவையும் ஃப்ரீசாவையும் தவிர அங்கிருந்த எல்லோரையும் வரம் கேட்டுப் பூமிக்கு எடுத்துவிட்டார்கள். ஃப்ரீசாவின் ஆட்கள் கொன்ற நாமெக்கியரும் உயிர்த்து வந்தார்கள். கொஞ்சக்காலம் புல்மாவின் வீட்டில் அகதிகளாக இருந்துவிட்டு, நாமெக் மாதிரியே இருந்த வேறு கோளில் குடியேறினார்கள். அந்த முடிவுக்காக யாரும் சண்டை பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. மண் போனது, சனம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் புது இடத்திலும் பக்கத்து வீட்டுக்காரனாக வந்தான். முகாமில் இருந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், கூடாரத்திலும் தண்ணீர் வரிசையிலும் ஊராட்கள் ஒன்றாக இருந்தால் அது ஒருவகை ஊர்தான்.

ட்ரங்க்ஸுக்கு நடந்தது அதுவல்ல. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக ஏற்றப்பட்டவர்களில் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவுச் சனமும் இருந்தது. அவர்களுடைய காணி படையினர் வசம். அதனால் சொந்த ஊருக்குப் போகவில்லை, அயலில் காடு வெட்டி அமைத்த இடத்தில் இறக்கப்பட்டார்கள். அதற்கு மாதிரிக் கிராமம் என்று பேர் வைத்தார்கள். வீடும் கொடுத்தார்கள். பேரும் ஏறத்தாழ அதேதான். 2017இல் அந்தப் பெண்கள் படைமுகாம் வாசலில் மாதக்கணக்கில் இருந்தது வீடு இல்லை என்பதற்காக அல்ல. மதிலுக்கு அந்தப்பக்கம் தாங்கள் நட்ட தென்னை தெரிகிறது, காய்க்கிறது, வேறு யாரோ பறிக்கிறார்கள். இதை வெளியில் நின்று பார்க்கிறவருக்கு, வீடுதான் கொடுத்தாச்சே, பிறகென்ன என்று தோன்றும். விஸ் சொன்ன வழியும் அப்படித்தான் ஒலிக்கிறது. கணக்குச் சரி. ஒரு உலகம் போனது, ஒரு உலகம் வந்தது.

கேப்பாப்பிலவையும் கார்ட்டூனையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் கோபிக்கலாம். நான் வைக்கவில்லை. வைத்தது வகுப்பில் பின்வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை. ஒரு நாள் பாடத்துக்கு நடுவில் எழும்பி, "சேர், அவைக்கும் மாதிரிக் கிராமம்தான் குடுத்தது" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாள். எனக்கும் பாடம் ஓடவில்லை.

இந்த இடத்தில் தென்னையைவிடக் கடினமான கேள்வி, அங்கே முன்பே இருக்கிற ட்ரங்க்ஸ். அவனுக்கும் இதே நினைவுகள். செயற்கை மனிதர்களின் காலம் அவனுக்கும் தெரியும். ஒற்றைக் கைக் கோஹான் அவனுக்கும் குரு. பிளாக் வந்த காலம் மட்டும் அவனுக்குத் தெரியாது. வந்து சேர்கிறவனோ அந்தக் காலத்தை மட்டுமே சுமந்துகொண்டு வருகிறான். ஹாருவையும் மாக்கியையும் தெருவில் கண்டால் அவர்களுக்கு இவனைத் தெரியாது. கூட ஒளிந்திருந்து சாப்பாட்டைப் பகிர்ந்த பிள்ளைகள் வேறு, இவர்கள் வேறு. செத்தவர்களுக்காக அழவும் முடியாது, ஏனென்றால் கண்முன்னால் ஓடி விளையாடுகிறார்கள். இவ்வளவும் மாய் ஒருத்திக்குத்தான் சொல்லாமலே விளங்கும். அந்த உலகத்தின் சாட்சி அந்த இரண்டு பேருந்தான். இதை எழுதியவர்கள் இந்த அளவுக்கு யோசித்து எழுதினார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவசரத்தில் ஒரு கதவை அடைத்துவிட்டுப் போனார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அடைத்த கதவுக்குப் பின்னால்தான் நல்ல கதை கிடக்கிறது.

வகுப்பில் இருப்பவர்கள் 2009இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். பங்கர் இவர்களுக்குச் சொல்லக் கேட்டது மட்டும். பெரியவர்கள் சொல்லாமல் விட்டதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குச் சைக்கிளில் நின்ற இருவரில், முடிவு பிழை என்று கத்திக்கொண்டிருந்தவன்தான் திடீரென்று கட்சி மாறினான்.

"அங்க புல்மா உயிரோட இருக்கிறா என்ன?"

"ஓமடா. பிளாக் வர முந்தித்தானே போயினம்."

"அப்ப நான் போவன். மற்ற நான் இருந்தாலும் பரவாயில்லை. அம்மா இருக்கிறா எல்லோ."

"விசரா, அவ உன்ர அம்மா இல்லை. அவன்ர அம்மா."

அவன் கொஞ்ச நேரம் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"அவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான்.